காசுராவுக்கு மேலே வளர்ந்த லார்ச்சுகள்

பார்லாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது ஒரு குளிர்காலத்தில் கடைவாய்ப்பல் தாங்க முடியாமல் வலித்தது. அதைப் பிடுங்கிக்கொள்ள அவள் கீழூருக்கு இறங்கி வந்த அன்றுதான் மேலே அவள் வாழ்ந்த மலைச்சிற்றூரான காசுராவில் பனிச்சரிவு விழுந்தது. கணவன் தூரி, சின்ன மகள் அன்னெட்டா, தொழுவத்து மாடுகள், எதுவும் மிஞ்சவில்லை. தேடப் போனவர்களில் நானும் ஒருவன். வீங்கிய கன்னத்தோடு அவளும் மண்வெட்டி பிடித்தாள்.

அதன்பின் குளிர்காலத்தில் காசுராவில் யாரும் தங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. எல்லாக் குடும்பங்களும் கீழே வந்துவிட்டன. பாறை மறைவில் இருந்ததால் தப்பிய மாமனார் வீட்டில் பார்லா மட்டும் தங்கிவிட்டாள். அதிகாரிகள் வந்து சொல்லிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

பனி உடைகிற சரிவில் மரம் நின்றால் பனி அங்கேயே தங்கிவிடும். வனத்துறை கன்று நட ஆள் தேடியபோது முதலில் போய் நின்றவள் அவள். இயல்பாக மரம் வளர்கிற எல்லைக்கும் மேலே பைனும், குளிரில் ஊசியிலை உதிர்க்கும் லார்ச்சும் நட்டோம். அவளுக்கு அடுத்த வரிசை என்னுடையது. மதியம் ரொட்டி தின்னும்போதுகூட அவள் கண் சரிவின் மேலேயே இருக்கும்.

பைன் கன்றுகளில் பெரும்பாலானவை, கோடை வந்தும் உருகாத பனிக்கடியில் பூஞ்சை பிடித்துக் கறுத்துச் செத்தன. லார்ச் பிழைத்தது, ஆனால் வளரவில்லை. பல வருடம் கழித்தும் முழங்கால் உயரம்தான். தூரியின் அண்ணன் கிளாவ் ஒருநாள் காப்பிக்கடையில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

"பார்லா, உன் காட்டுல ஆடு படுத்துக்கிட்டாக்கூட மரத்துக்கு மேல கொம்பு தெரியுதாமே."

"உன் மண்டையில முடி தெரியுதான்னு முதல்ல பாரு" என்றாள் அவள்.

கடையே சிரித்தது. அவள் காப்பியைக் குடித்துவிட்டுத் தனியே மலையேறினாள்.

பிறகு கோடைகள் வெம்மையாயின. லார்ச்சுகள் விறுவிறுவென நிமிர்ந்தன. நகரத்திலிருந்து ரெகுலா என்ற ஆய்வாளர் வந்து, எங்கள் லார்ச் ஒன்றிலும் சற்றுக் கீழே பழைய காட்டில் நின்ற முந்நூறு வயது பைன் ஒன்றிலும் துளையிட்டு, பென்சில் போல மரத்துண்டு எடுத்துக் காட்டினார். ஒரே கோடையில் விழுந்த வளையம் லார்ச்சில் அகலமாக இருந்தது. கிழட்டு பைனில் மயிரிழைதான். ஏன் என்று பார்லா கேட்டாள்.

"லார்ச்சும் பைனும் வேற வேற இனம்தான். ஆனா வயசுக்கும் பங்கு இருக்கும்மா. இளமரம் குளிர் விட்டதுமே வளர ஆரம்பிச்சிடும், ரொம்ப நாள் வளரும். வயசான மரம் தாமதமா ஆரம்பிச்சு சீக்கிரமே நிறுத்திடும்."

பார்லா பைனின் பட்டையில் கை வைத்தபடி நின்றாள். "அப்ப இதுங்க கிழடாகறதுக்குள்ள வளர்ந்துக்கட்டும்" என்றாள்.

அவளுக்கு எழுபத்தேழு நடக்கும்போது, எங்கள் நினைவில் இல்லாத அளவுக்குப் பனி கொட்டியது. பாதை மூடிக்கிடந்தது. நான் தினமும் காலையில் போன் செய்வேன். அன்று உடனே எடுத்தாள்.

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல. மரங்களுக்கு நடுவுல பனி அப்படியே உக்காந்திருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "இங்க ரொம்ப அமைதியா இருக்குடா."

அழுகிறாளோ என்று நினைத்தேன், கேட்கவில்லை.

மறு வருடமே குளிர்காலத் தடையை நீக்கினார்கள். பார்லா பூட்டிக்கிடந்த வீடுகளையெல்லாம் திறந்து காற்றாட விட்டாள். கிளாவின் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவள் வைத்த பார்லி சூப்பைச் சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள், மாலையே தாங்கள் வாழும் சூரிச் நகரத்துக்குத் திரும்பினார்கள். வேறு யாரும் வரவில்லை.

புல் அறுக்க ஆளில்லாத வயல்களில் இப்போது மேலிருந்து விதை விழுந்து லார்ச் முளைக்கிறது. ஜூன் மாதம் போனால் பார்லா தூரியின் வயலில் மண்டியிட்டு உட்கார்ந்து, வயல் காடாகிவிடாமல் அந்தக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருப்பாள்.