தக்காளி ரொட்டி

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆலப்புழைக்குப் பெட்போர்டு லாரியில் தக்காளி ஏற்றிப்போயே நாச்சிமுத்துவுக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டில் தக்காளிக் குழம்பு, லாரியில் தக்காளி நாற்றம். கடற்கரைச் சாலையில் மத்தாயி கடையிலோ ரொட்டிக்குள் பொரித்த மீன் வைத்துத் தருவார்கள். ஆனால் யாருக்கு எதை வைப்பது என்று மத்தாயிதான் முடிவுசெய்வார். எதிர்த்துப் பேசினாலோ, பக்கத்து ஆளிடம் மாற்றிக்கொண்டாலோ, எழுந்து போகச் சொல்லிவிடுவார்.

இன்றும் நாச்சிமுத்து ரொட்டியைப் பிரித்தார்; உள்ளே தக்காளி.

"ஏனுங்க, ஒரு தடவையாச்சும் மீனு குடுங்க. இதைக் காலையில நாந்தானுங்க எறக்குனேன்!"

"தூரத்துலேர்ந்து வந்த ஆளுக்கு மீனா? இங்க அது பூனைக்குப் போடுறது," என்றார் மத்தாயி பெருமையாக.

நாச்சிமுத்து வயிறெரிய மென்றார். பக்கத்தில் மீன் ரொட்டியோடு உட்கார்ந்திருந்த வலைக்காரர், அந்தத் தக்காளியையே பார்த்து எச்சில் விழுங்கினார்.