எடை மேடையிலிருந்து குருவை நீக்கிய காலை

காரிமங்கலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் ஜனங்கள் ஷகிலாவைக் கூப்பிடுவார்கள். இதில் அவளுக்கு வருத்தம் உண்டு, பெருமையும் உண்டு. இரண்டும் சம அளவில் இருந்ததால் இரண்டையும் அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

பதினான்கு வருடம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள். எல்லோர் கைக்கும் போன் வந்து சென்டரை மூடியபோது, ஓனர் கொடுத்த ஸ்க்ரூடிரைவர் செட்டையும் ஒரு பழைய ஸ்கூட்டியையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். சந்தையில் பிளாஸ்டிக் சாமான் விற்கும் கணவர் அப்துல்லா, "பொம்பள வண்டியில போயி கம்ப்யூட்டர் கழட்டறதா?" என்று ஒரு வாரம் யோசித்தார். எட்டாம் நாள் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளுடைய நம்பரைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தச் சாஃப்ட்வேரை நீக்கினாலும் வேரோடு நீக்க வேண்டும். செட்டிங்ஸ், சேமித்த பாஸ்வேர்டு, மூலையில் ஒளிந்திருக்கும் ஃபோல்டர் எதுவும் மிஞ்சக் கூடாது. அடிபட்டுக் கற்ற பாடம் அது. ஒரு வாத்தியாரின் பழைய கம்ப்யூட்டரை விற்பதற்காக, அதிலிருந்த மெயில் சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்து கொடுத்திருந்தாள். வாங்கியவர் அதே சாஃப்ட்வேரை மறுபடி போட்டார். அது ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்து, வாத்தியார் வீட்டுப் பெண் பார்க்கும் படலத்தின் கடிதங்கள் அத்தனையையும் கொட்டியது. யார் வீட்டில் எதற்காக வேண்டாம் என்றார்கள் என்பது வரைக்கும் தெருவுக்குத் தெரிந்துபோனது. அதன் பிறகு ஒரு மாதம் ஷகிலா அந்தத் தெருவழியே வண்டி ஓட்டவில்லை.

இத்தனை கறாரானவள் தன் வீட்டில் ஒரு வயரைக்கூடத் தூக்கிப் போடமாட்டாள். செத்துப்போன போன்களின் சார்ஜர்கள் எல்லாம் அரிசி டிரம்மில் கிடந்தன.

"ஊரான் கம்ப்யூட்டரையெல்லாம் வழிச்சு எடுக்கற. இந்த மூட்டைய மட்டும் தொடமாட்டேங்கற?" என்று அப்துல்லா கேட்டால், "வயரு யாரோட பாஸ்வேர்டையும் ஊருக்குச் சொல்லாதுங்க" என்பாள்.

ஜூன் மாதம் ஒரு காலை காளியப்பன் கூப்பிட்டார். கிருஷ்ணகிரி போகும் பழைய ரோட்டில் எடை மேடை வைத்திருப்பவர். மாங்காய் சீசனில் லாரிகளும் டிராக்டர்களும் அவருடைய மேடையில் ஏறி எடை போட்டு, அச்சடித்த சீட்டை வாங்கிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும். கையால் எழுதிய சீட்டை ஃபேக்டரி கேட்டில் தொடக்கூட மாட்டார்கள்.

ஆனால் காளியப்பனுடைய பிரச்சினை எடையில் இல்லை. ஆறு வருடம் அவரிடம் ஆபரேட்டராக இருந்த குரு, போன மாதம் ரோட்டுக்கு எதிர்ப்புறம் திறந்த புது எடை மேடைக்குப் போய்விட்டான். ஆள் போய்விட்டான், பெயர் போகவில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் 'வணக்கம் குரு' என்று வந்தது. கீழே பாஸ்வேர்டு இடத்தில் கறுப்புப் புள்ளிகள் தாமாக நிரம்பி நின்றன. காளியப்பன் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு நாளும் குருவாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

"பேர் இருக்குது, புள்ளி புள்ளியா பாஸ்வேர்டும் இருக்குது. எம் மேடையில எத்தன வண்டி ஏறுதுன்னு அங்க ஒக்காந்தே பாத்துருவான்ல?" என்றார், வந்து உட்கார்ந்த ஷகிலாவிடம்.

"அப்படியெல்லாம் பாக்க முடியாதுங்கண்ணா. இந்தக் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட்டே இல்ல."

"இல்லீன்னாலும் அவன் பேருல நான் ஏம்மா வேல செய்யணும்? தூக்கிரு."

"பாஸ்வேர்ட மாத்திக்கலாம். ஆனா பழைய பாஸ்வேர்டு கேக்குது. குருகிட்ட கேட்டா…"

"அவங்கிட்டயா?" காளியப்பன் ஜன்னல் வழியே எதிர்ப்புறத்தைப் பார்த்தார். ரோடு நாற்பதடி இருக்கும். "நான் மேடையையே வித்தாலும் விப்பேன், அவங்கிட்டப் போயி நிக்கமாட்டேன்."

சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி. பழைய சீட்டுகளை ஷகிலா முதலில் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டாள். பிறகு அன்இன்ஸ்டால் செய்து, புதிதாக நிறுவி, திறந்தாள்.

வணக்கம் குரு.

"என்னாம்மா இது, வெளிய தள்ளிக் கதவச் சாத்துன. அவன் உள்ளாரயே ஒக்காந்துக்கிட்டு வணக்கம் சொல்றான்!"

ஷகிலாவுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அன்இன்ஸ்டால் செய்யும் திரையை மறுபடி கூர்ந்து பார்த்தாள். ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. 'பயனர் விவரங்களையும் சேர்த்து நீக்கவா?' யாரோ தயங்கித் தயங்கிக் கேட்பது போன்ற பொடி எழுத்து. அவளுடைய கொள்கைக்காகவே வைத்த பெட்டி. டிக் அடித்தாள். இந்த முறை நிறுவித் திறந்தபோது திரை யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. காளியப்பன் இரண்டு டீ சொன்னார்.

டீ வருவதற்குள் பூவரசனின் லாரி மேடையில் ஏறியது. பூவரசன் காளியப்பனுடைய அக்கா மகன். ஐந்தாறு தோப்புகளில் பெங்களூரா ரக மாங்காயைக் குத்தகைக்கு எடுப்பவன். அவன் பின்னால் இரண்டு டிராக்டர்கள். சுவரிலிருந்த எடைப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 14620 என்று எரிந்தது. கம்ப்யூட்டர் திரையிலோ எறும்பு மை மிதித்து நடந்தது போல ஏதோ கிறுக்கல்.

ஷகிலா செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எடைப் பெட்டியும் கம்ப்யூட்டரும் எந்த வேகத்தில், எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதும் 'பயனர் விவரங்களில்' சேர்த்தி. குருவைத் தூக்கிய பெட்டி அதையும் சேர்த்துத் தூக்கிவிட்டது.

"மாமா, சீட்டு?" என்றான் பூவரசன்.

"இரு மாப்ள, ஒரு நிமிசம்."

"பதினோரு மணிக்கு ஃபேக்டரி டோக்கன். வெயில்ல காய் வெந்துரும். முடியலீன்னா சொல்லுங்க, எதுருல போட்டுக்கறேன்."

பூவரசன் ரோட்டைத் தாண்டினால் பின்னால் நிற்கும் டிராக்டர்களும் தாண்டும். ஒருமுறை தாண்டிய வண்டி சீசன் முடியும்வரை திரும்பாது. இது காளியப்பனுக்குத் தெரியும், ஷகிலாவுக்கும் தெரிந்தது. காளியப்பனின் சீசனைத் தன் கொள்கை விழுங்கிவிட்டதென்று நாளைக்குள் ஊர் பேசும் என்பதும் தெரிந்தது.

சாஃப்ட்வேர் செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். பாட்டு பாடியது, பிறகு, நாங்களே கூப்பிடுகிறோம் என்றது. ஷகிலா எழுந்தாள்.

"எங்கம்மா போற?"

"எதுருக்கு."

"வேணாம்மா!"

"நீங்கதான போகமாட்டேன்னு சொன்னீங்க. நான் சொல்லலீங்களே."

எதிர் மேடையின் வாசலில் குரு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். காலையிலிருந்தே அவன் வேறு எதையும் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்த எடைப் பெட்டி என்னா ஸ்பீடு குரு? செட்டிங்ஸ் எல்லாம் போயிருச்சு."

"சத்தியமாத் தெரியாதுக்கா. நான் சேர்றப்பவே ஓடிக்கிட்டிருந்துச்சி. நான் எம் பேர் மட்டுந்தான் போட்டேன்."

"பாஸ்வேர்டு?"

"ஐஸ்வர்யா. அவரு பொண்ணு பேரு. ராசின்னு அவரேதாங்க்கா வெக்கச் சொன்னாரு." குரு குரலைத் தாழ்த்தினான். "அத மறந்துட்டாரா?"

ஷகிலா ரோட்டைத் திரும்பத் தாண்டினாள். ஆறு வருடமாகக் குருவுடையது என்று எல்லோரும் நினைத்திருந்த செட்டிங்ஸ் குருவுடையதல்ல. குருவின் ரகசியம் என்று காளியப்பன் பயந்த பாஸ்வேர்டு, காளியப்பன் வீட்டுப் பெண்ணின் பெயர். பெயர் ஒன்று மட்டுமே குருவின் சொத்து. அந்த ஒன்றை எடுக்கத்தான் செட்டிங்ஸ் மூட்டையையே எரித்திருக்கிறாள். அவமானமாக இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. அவளுடைய கோளாறே அதுதான்.

உட்கார்ந்து வேகங்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். 9600, கிறுக்கல். 4800, வேறுவிதக் கிறுக்கல். 2400 போட்டதும் எறும்புகள் மறைந்து எண்கள் வந்தன. 02641.

"ரெண்டரை டன்னா?" காளியப்பன் தலையில் கை வைத்தார். "வெறும் லாரியே அஞ்சு டன்னும்மா!"

"மாமா, இந்தச் சீட்டோட போனா, நாங்கதான் ஃபேக்டரிக்குக் கடன்பட்டுட்டு வரணும்" என்று பூவரசன் சிரித்தான். சிரித்துக்கொண்டே லாரிப் படியில் காலை வைத்தான்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. வண்டிய எடுக்காதீங்க."

ஷகிலா சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். எண்கள் தவறல்ல, அவை அத்தனையும் இருந்தன. சுவரில் ஒன்று, நான்கு, ஆறு, இரண்டு, சைபர். திரையில் சைபர், இரண்டு, ஆறு, நான்கு, ஒன்று. எடைப் பெட்டி கடைசி இலக்கத்தை முதலில் அனுப்புகிற ஜாதி. எப்போதோ ஒரு மெக்கானிக் அதைக் கண்டுபிடித்து, எங்கோ ஒரு டிக் அடித்து, யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறான். செட்டிங்ஸின் மூன்றாவது பக்கத்தின் அடியில் அந்த டிக் பெட்டி கிடைத்தது. 'எண்களைத் திருப்பிப் படிக்கவும்.' டிக் அடித்தாள். திரையில் 14620 நின்றது.

சீட்டு அச்சாகி வந்தது. பூவரசன் அதை உயர்த்திப் பிடித்துப் படித்தான்.

"மாமா, 'உங்கள் நிறுவனத்தின் பெயர் இங்கே'ன்னு இருக்குது. இது எந்த ஊருக் கம்பெனி?"

மேடையின் பெயரும் மூட்டையோடு போயிருந்தது. அதையும் அடித்து இரண்டாவது சீட்டு எடுத்துக் கொடுத்தாள். மணி பத்து நாற்பது. லாரி ஃபேக்டரிப் பக்கம் திரும்பியது. முதல் டிராக்டர் மேடையில் ஏறியது. ஆறிய டீயைக் காளியப்பன் ஒரே மடக்கில் குடித்தார்.

டிராக்டர்கள் போன பிறகு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். எதிர்முனையில் ஒரு இளைஞன்.

"எங்களுது ஓடிருச்சுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஷகிலா. "ஆளோட பேரு, பாஸ்வேர்டு, மெஷினோட ஸ்பீடு, கடையோட பேரு. எல்லாத்துக்கும் ஏன் ஒரே பெட்டி? ஆள் போனா மெஷினுமா மாறிடும்?"

"மேடம், முதல்ல அன்இன்ஸ்டால் பண்ணா எல்லாம் போற மாதிரி வெச்சிருந்தோம். செட்டிங்ஸ் போச்சுன்னு திட்டுனாங்க. அப்புறம் எதுவும் போகாத மாதிரி வெச்சோம். பாஸ்வேர்டு தங்குதுன்னு திட்டுனாங்க. ரெண்டு பக்கமும் திட்டு வாங்க முடியாம ஒரு பெட்டி வெச்சோம்."

"இப்ப?"

"இப்ப உங்கள மாதிரி ஆளுங்க பெட்டியத் திட்டறாங்க."

இந்தப் பதில் ஷகிலாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மிச்சம் வைத்ததற்கும் வழித்து எடுத்ததற்கும் தன்னையும் திட்டியிருக்கிறார்கள். ஆனால் தனக்குப் பெட்டி வைக்கத் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டுப் பழைய சீட்டுகளைப் பென் டிரைவிலிருந்து ஏற்றினாள். ஒரு தாளில் வேகம், திருப்பிப் படிக்கும் டிக், மேடையின் பெயர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, எடைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இவை மெஷினுக்குச் சொந்தம். யார் வந்தாலும் போனாலும் இங்கே இருக்கட்டும்.

"இப்ப உங்க பேருல ஒரு லாகின் போடலாங்கண்ணா. பாஸ்வேர்டு சொல்லுங்க."

"பொண்ணு பேரே வெச்சிரும்மா."

"அது எதுருல இருக்கறவருக்குத் தெரியுங்க."

காளியப்பனின் முகம் மாறியது. எதிர்ப்புறம் பார்த்தார், சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெயரை வைக்கச் சொன்னதே தான்தான் என்பது நினைவுக்கு வந்தது போலிருந்தது. "அப்ப… எம் பழைய புல்லட்டு நம்பரு" என்றார் மெதுவாக.

அடித்து முடித்ததும் திரை கேட்டது: 'பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளவா?'

"வெச்சிக்கட்டும்மா. தெனமும் யாரு அடிக்கறது?"

"காலையில அதத் தூக்கணும்னுதான கூப்பிட்டீங்க?"

"அது அவன் பாஸ்வேர்டு. இது என்னுதும்மா."

"வேணாங்கண்ணா. இது ஒண்ண மட்டும் மனசுல வெச்சிக்குங்க" என்று ஷகிலா அந்தப் பெட்டியைக் காலியாகவே விட்டாள்.

பத்து நாள் கழித்துப் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றப் போனாள். திரையில் காளியப்பனின் பெயர் இருந்தது. பாஸ்வேர்டு இடம் காலியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று எடைப் பெட்டியின் பக்கம் திரும்பினாள். அவள் ஒட்டிய தாளின் கீழே, ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தாகப் புல்லட் நம்பர். மேடையில் நிற்கும் லாரி டிரைவர்கூட ஜன்னல் வழியே படிக்கும் அளவு.

"நீதானம்மா கம்ப்யூட்டர்ல வெக்காதீங்கன்ன" என்றார் காளியப்பன்.