முதல் கரண்டி

மருமகள் வாங்கி வந்த காளான் பொட்டலத்தைப் பிரித்ததும் ஈரமண் வாசனை வந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடி வெட்டப்பட்டிருந்தது, அப்பா வெட்டுவது போலவே.

சுதந்திரம் வந்த புதிதில் மைசூரில் இருந்தோம். மழை விட்ட காலைகளில் அப்பா சாமுண்டி மலையடிவாரத்துக்குப் போய், பையில் மண் ஒட்டக்கூடாதென்று பேனாக்கத்தியால் காளான்களை அறுத்துக் கொண்டுவருவார். விதவையாகி எங்களோடு இருந்த அவருடைய அக்கா, என் அத்தை, அடுப்படியிலிருந்து கத்துவாள்: "அடியோட பிடுங்கிட்டு வாடா. புத்துக் காளானுக்கு வேர் நீளமா இறங்கும். விஷக் காளானுக்கு அடியில முட்டை ஓடு மாதிரி பை இருக்கும். அதை மண்ணுக்குள்ள விட்டுட்டு வந்தா நான் எதைப் பார்த்துச் சொல்ல?"

அப்பா சிரிப்பார். குழம்பு இறங்கியதும், "அக்கா, மொதல்ல நீ சாப்பிடு" என்று அவள் தட்டில் ஊற்றுவார். அக்காவை எப்படித் தாங்குகிறார் என்று பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் மெச்சுவார்கள். தாங்கினாராம். மத்தியானம் வரை அவள் கிணற்றுக்கும் அம்மிக்கும் நடமாடுவதைப் பார்த்த பிறகே அவர் தன் தட்டை எடுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக வந்தது விஷக் காளான். அந்த விஷம் உள்ளே போனாலும் பொழுது சாயும்வரை வெளியே காட்டாது. அம்மா காளானைத் தொடமாட்டாள். காய்ச்சலில் எனக்குக் கஞ்சி. மத்தியானம் அத்தை மாவாட்டிக்கொண்டிருந்தாள், அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். அங்கேயும் அத்தைதான் முதலில் போனாள். அப்பா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து தனக்கு என்ன ஆகுமென்று, வழக்கம்போல அவளை வைத்தே தெரிந்துகொண்டார்.