மரை வெட்டும் நேரம்

இன்று கண்டியில் காரைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, கிரீஸும் அப்போதுதான் வெட்டிய இரும்பும் கலந்த மணம் வந்தது. கெலிஓயாவில் எங்கள் வாப்பா நடத்திய கராஜ், இப்போது சப்பாத்துக் கடையாகிவிட்ட அந்த இடம், அப்படியே கண்முன் எழுந்து வந்தது.

பழைய லொறி எஞ்சினின் போல்ட் துளைக்குள் தேய்ந்துபோன மரையைப் புதிதாக வெட்டும்போது, வாப்பா டெப் என்ற வெட்டும் கருவியைக் கிரீஸில் தோய்த்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று, அது கிறீச்சிடுவதைக் கேட்டுக் கேட்டே திருப்புவார். சத்தம் மாறுவதைக் கவனிக்காமல் திருப்பினால் டெப் உள்ளேயே முறிந்து எஞ்சினே வீணாகிவிடும் என்பதால், ரேடியோ நிற்கும், சுவருக்கு அந்தப் பக்கம் குசினியில் மிளகாய் இடிக்கும் உம்மாவின் உலக்கையும் நின்றுவிடும்.

"சரி வந்துருமா பாய்?" என்று கலஹாவிலிருந்து வந்த டிரைவர் கிசுகிசுத்தால், வாப்பா கையை மட்டும் உயர்த்துவார். புது போல்ட் இறுகியதும் ஸ்பெனரால் சுவரில் இரண்டு தட்டு. அந்தப் பக்கமிருந்து உலக்கை டொம் டொம் என்று பதில் சொல்ல, எல்லோரும் சிரிப்போம், தேத்தண்ணீர் வரும்.

இதைச் சொல்லத்தான் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். பேசிக்கொண்டிருக்கையில் இங்கே கராஜுக்குள் டெப் கிறீச்சிட்டது. உம்மா சட்டென்று மௌனமானார். நானும் பேசவில்லை. சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்:

"போல்ட் இறுகிட்டா மகள்?"

நான் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். எதன்மேல் இடித்தாரோ, போனுக்குள் டொம் டொம் என்றது.