குப்பையில் ஒரு குடும்பம்

நாற்பத்தாறு வயதில் வீட்டை விட்டுப் போனவன் நான். கோபத்தில் போகவில்லை, வாய்த்துடுக்கில் போனேன்.

திருப்புறத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். அண்ணனின் மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். சமையலறையை ஒட்டிய என் அறைதான் தாய்க்கும் பிள்ளைக்கும் வசதி. வெந்நீருக்குப் பக்கம், காற்றும் அதிகம் அடிக்காது. ஒரு மத்தியானச் சாப்பாட்டில், "நான் வேணும்னா வெளிய ஒரு வீடு பாத்துக்கிடுதேன்" என்றேன். சொன்னதும் எல்லோரும் கையை உதறிக்கொண்டு எழுந்து என்னைத் தடுப்பார்கள் என்று ஒரு கணக்கு. அண்ணன் மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். "பாறசாலைல நெறைய எடம் ஒழிஞ்சு கெடக்காம்" என்றான். அண்ணி மட்டும், "கஞ்சிவெள்ளம் குடிச்சு முடிச்சிட்டுப் போயிப் பாரு" என்றாள்.

அப்படித்தான் பெட்டி ஆட்டோவின் முன்னிருக்கையில், மடியில் மின்விசிறியை ஏந்திக்கொண்டு பாறசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீடு கிடைத்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார் ஒத்தத்தடியா?" என்றார். கல்யாணமாகாத ஆளுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஆமாம் என்றேன். நானும் பெண் பார்க்கப் போகாமல் இல்லை. போன இடத்திலெல்லாம் பலகாரம் நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"அத இனி யாருட்டயும் பறையாண்டாம்" என்றார் தரகர். "ஒத்தத்தடிக்கு இங்க யாரும் வீடு தராது. தலமுடி நரச்சாலும் பேச்சிலர் பேச்சிலராக்கும்."

அது மாடிவீடு. கீழே வீட்டுக்காரி தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே டீச்சர். கணவர் இல்லை, மகன் பெங்களூரில். மேல்மாடியை ஃபிளாட்டாக மாற்றி வாடகைக்கு விட்டிருந்தார்கள். முழங்கால் வலியால் டீச்சர் மாடி ஏறுவதில்லை. கீழே நின்றபடியே, "ஃபேமிலி?" என்று கேட்டார்.

"பொறவு வரும் டீச்சரே" என்றார் தரகர்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். நல்ல தொட்டி.

தனியாகக் குடியேறுவதைப் பற்றி எனக்கு ஒரு படம் இருந்தது. ஜன்னலோரம் நாற்காலி, கையில் பால் விடாத கட்டன்சாயா, ஒரு புத்தகம். நாற்காலி வாங்கியது பத்து நாள் கழித்துத்தான். படுக்கையறை மின்விசிறிக்கு சுவிட்ச் ஹாலில் இருந்தது. ஹால் விளக்குக்கு சுவிட்ச் எங்கே என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. நான் குத்துமதிப்பாக நாலைந்தைத் தட்டுவேன், ஏதோ ஒன்று எரியும். வாளி வாங்கினேன், கப் வாங்க மறந்தேன். கப் வாங்கப் போய் முறம் வாங்கி வந்தேன். முறத்தை வைத்து என்ன செய்வதென்று யோசித்து, செய்தித்தாள் போட்டு வைத்தேன். அரிசி அளக்கக் கை பழகியிருந்தது அண்ணன் வீட்டு அளவுக்கு. முதல் நாள் பொங்கியதைக் கஞ்சியாகவும் பழங்கஞ்சியாகவும் மூன்றாம் நாள் வரை குடித்தேன்.

ஆனால் உண்மையான கஷ்டம் இதெல்லாம் இல்லை. பழிபோட ஆளில்லாததுதான். ஆறேழு பேர் இருக்கும் வீட்டில் எதுவும் தொலைவதில்லை, யாரோ எடுத்து மாற்றி வைத்திருப்பார்கள். "என் கத்திரிய எவன் எடுத்தது?" என்று கத்தினால் பாதி வேலை முடிந்தது. இங்கே கத்திரியைக் காணவில்லை என்றால் எடுத்தவனும் நான், தேடுகிறவனும் நான், கத்துகிறவனும் நான். இரண்டு நாள் அப்படிக் கத்திப் பார்த்தேன். சுவாரசியமே இல்லை.

மீன்காரியும் என்னை மதிக்கவில்லை. பொழியூரிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிற பெண். "மூணு சாளை போதும்" என்றேன்.

"பூனை வளக்கியளா சாரே?"

"இல்ல. எனக்குத்தான்."

"ஆளுக்குன்னா கூறு வாங்கணும். எண்ணிக் குடுக்கியது பூனைக்காக்கும்."

ஒரு கூறு வாங்கினேன். தெருவில் இருந்த பூனைகளுக்கெல்லாம் அன்று நான் வேண்டியவனானேன்.

இதற்கிடையில் மாதம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் மாதம் ஒரு தடவை பச்சைக் கோட்டு போட்ட பஞ்சாயத்துச் சேச்சிமார் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் குப்பை எடுப்பார்கள். பால் கவரானாலும் பிஸ்கட் கவரானாலும் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். டீச்சரின் வீட்டில் அந்தப் பொறுப்பு டீச்சருடையது. மேல்வீட்டுப் பையையும் அவரே வாங்கி, கொட்டிப் பார்த்து, ஈரமிருக்கிறதா என்று தடவிச் சோதித்து, பிறகுதான் சேச்சிமாரிடம் ஒப்படைப்பார். வருடக்கணக்காகப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் திருத்திய கை.

நான் என் பையைக் கொண்டு கொடுத்தேன். டீச்சர் திறந்து பார்த்தார். சின்னப் பால் கவர் சில, ஒரு ரொட்டி கவர், ஒரு மிக்சர் கவர்.

"இவ்வளவுதான் உண்டா சாரே?"

"இவ்வளவுதான் டீச்சரே."

"ஃபேமிலி எப்பம் வரும்?" என்றார். கேட்டுவிட்டு, பால் கவரை நாலாக மடித்துக்கொண்டே சொன்னார்: "மகன் பெங்களூர்லேருந்து விளிச்சான். ஒரு பேங்க்காரரு குடும்பத்தோட வீடு கேக்கிறாராம். உங்களுக்கு ஃபேமிலி வரல்லன்னா அவங்களுக்குக் குடுக்கலாம்னு அவன் பறையுதான். நான் உங்களுட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன்."

மறுபடியும் மின்விசிறியை மடியில் ஏந்த முடியாது. அண்ணன் வீட்டில் என் அறையில் இப்போது தொட்டில் தொங்குகிறது. போனால் ஹாலில் பாய் போட்டுத்தான் படுக்க வேண்டும், எல்லோரும் தாண்டிப் போவார்கள். அதோடு, சுவிட்சுகள் ஒவ்வொன்றாக எனக்கு வசப்பட்டுக்கொண்டிருந்த நேரம். "பாக்கலாம் டீச்சரே" என்று எதுவும் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிப் புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மறுமாதம் முழுவதும் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன். பொய் சொல்லக்கூடாது என்பது தெரியும். ஆனால் அந்தக் கட்டளை குப்பைக்குக் கிடையாது. நான் வாய் திறக்காமல், குப்பை தானாக ஏதாவது சொன்னால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? இப்படி ஒரு யோசனை தோன்றும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் மண்டையில் தட்டியிருப்பார். தனியாக இருப்பதன் அடுத்த கஷ்டம் அது.

குப்பை எடுக்கும் நாளுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அந்த வாரம் டீச்சரும் நெய்யாற்றின்கரையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். எல்லாம் கூடிவருகிறது என்று எனக்கு உற்சாகம்.

"அண்ணி, அந்தப் பிளாஸ்டிக் சாக்க எனக்குத் தா."

"எந்தச் சாக்கு?"

"குப்பைச் சாக்கு."

அண்ணி கரண்டியோடு வெளியே வந்தாள். "ஊர்ல உள்ளவன் எல்லாம் சொந்தக் குப்பைய அடுத்தவன் பறம்புல கொண்டு தட்டுதான். நீ கேட்டு வாங்க வந்திருக்கே. என்னெத்துக்கு?"

"வீட்டுல கொஞ்சம் கொறவா இருக்கு."

அண்ணி உள்ளே திரும்பி, "இஞ்ச பாருங்க, உங்களுக்க தம்பிக்கு ஒத்தையில கெடந்து கிறுக்குப் பிடிச்சாச்சு" என்று அண்ணனுக்குச் சேதி சொன்னாள். ஆனாலும் சாக்கைக் கட்டிக் கொடுத்தாள். கூடவே ஒரு பாத்திரம் மீன்குழம்பும் கொடுத்தாள். ஸ்கூட்டரின் முன்னால் குழம்பும் பின்னால் குப்பையுமாகத் திரும்பி வந்தேன். அந்தச் சாக்கு கனமில்லாமல், ஆனால் நல்ல பருமனாக, ஒரு குடும்பம் மாதிரியே இருந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் டீச்சரின் படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

டீச்சர் திரும்பி வந்து, சாக்கைப் பார்த்து, சேச்சிமாரிடம் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் பார்த்தபோது சிரித்தார், அவ்வளவுதான். வழக்கமாகக் கீழே சாயங்காலம் முழுக்க சீரியல்காரர்கள் அழுவார்கள். அந்த வாரம் ஒருவரும் அழவில்லை. மத்தியான மிக்சியும் ஓடவில்லை. குப்பை வென்றது, கூடவே அமைதியும் வந்தது என்று நான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் ஒரு சத்தம். ஒரு படி, ஒரு மூச்சு, "என்ட தெய்வமே" என்று ஒரு விளி. மறுபடி ஒரு படி. நான் கதவைத் திறந்தபோது டீச்சர் மேல்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மறு கையில் வாழையிலை கட்டிய ஒரு கண்ணாடிப் பரணி.

"பிள்ள உறங்குதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பிள்ள?"

"சத்தமாப் பேசாதிய. உணந்திரும்." பரணியை நீட்டினார். "உள்ளி லேகியமாக்கும். பெத்தவளுக்கு. சின்ன உள்ளியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டு தங்கச்சி கிண்டிக் குடுத்துவிட்டது. அங்கேருந்து வந்த அன்னைக்கு டயப்பர் கவரும் பால்மாவு கவரும் பாத்தேன். அப்பமே தங்கச்சிய விளிச்சுப் பறைஞ்சேன், இப்படி மேல ஒரு பிள்ளபெத்தவ வந்திருக்கான்னு. பெத்த உடம்புக்கு இது இல்லாம ஆகாது. அவளுக்க அம்மை கூட வந்திருக்கா?"

அண்ணி ஒரு பொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் கொடுத்த சாக்கு. அண்ணன் பேத்தியின் ஒரு மாதம் முழுக்க அதில் இருந்திருக்கிறது.

டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு நாற்காலி. ஒரு பாய். முறத்தில் செய்தித்தாள். கொடியில் என் பனியன் இரண்டு. வீட்டில் குழந்தை இருப்பதற்கான ஒரு துணித்துண்டுகூட இல்லை.

"இவங்க எல்லாம் எங்க?"

நான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தரகர் சொன்னதும், நான் தொட்டியைப் பார்த்ததும், அண்ணன் மகளின் பிள்ளையும், ஸ்கூட்டரில் வந்த சாக்கும். சொல்லச் சொல்ல அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சிரிப்பு வரவைக்கப் பார்த்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. பரணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பிள்ள உணந்திரும்னு டிவிய நிறுத்தி வச்சிருந்தேன்" என்றார் கடைசியில். "மிக்சி போடாம அம்மியில அரச்சேன்."

முழங்கால் வலியோடு ஒரு ஆள் எனக்காக, இல்லாத ஒரு குழந்தைக்காக, அம்மியில் அரைத்திருக்கிறார். ஒரு வாரமாக நான் அந்த அமைதியை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மாசக் கடைசிக்குள்ள காலி செஞ்சிருதேன் டீச்சரே" என்றேன்.

அவர் ஜாக்கெட்டுக்குள் இருந்து போனை எடுத்தார். மகனுக்குத்தான்.

"ஆ, மோனே. மேல உள்ள ஆளு காரியமாக்கும். இல்ல, ஃபேமிலி இல்ல. ஒத்தத்தடி... ஆமா, எனக்குத் தெரியும்." நிறுத்திக் கேட்டார். மகன் நிறையப் பேசினான். டீச்சரின் கண் என் வீட்டைச் சுற்றி வந்தது. "ஃபேமிலி வேணும்னு சொன்னது நீயில்ல, நானாக்கும். மேல ஆள் சத்தம் கேக்கணும்னு சொன்னேன். ஒத்தையில கெடக்கப் பிடிக்காமச் சொன்னதாக்கும்... நான் பறைஞ்ச அந்தக் குப்பையோ? அடுத்தவன் வீட்டுக் குப்பைய சொமந்துட்டு வந்து வச்சிருக்கு. ஒரு மண்டன். ஆனா ஆபத்து இல்லாத மண்டன். பேங்க்காரருட்ட வேற எடம் பாக்கச் சொல்லு."

போனை வைத்தார். மண்டன் என்பதை நானும் மறுக்கவில்லை.

"இத உங்க அண்ணன் மகளுக்குக் கொண்டு குடுங்க" என்று பரணியை என் கையில் கொடுத்தார். "காலையும் சாயங்காலமும் நெல்லிக்கா அளவு. பொறவு ஒரு காரியம் உண்டு மக்கா. நீ காலையில போறதும் எனக்குத் தெரியாது, வாறதும் தெரியாது. இனி அப்படி வேண்டாம். போகும்பம் பறைஞ்சுட்டுப் போணும். வந்தா வந்தேன்னு பறையணும். அவ்வளவுதான்."

சார் எப்போது மக்கா ஆனேன் என்று நான் கவனிக்கும் முன் அவர் படியில் கால் வைத்துவிட்டார். இறங்குவது ஏறுவதைவிட மெதுவாக இருந்தது. நான் ஒரு படி முன்னால், பின்பக்கமாக இறங்கினேன்.

அண்ணன் வீட்டில் அத்தனை வருடம் இருந்தும், போகும்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் சொல்லத் தேவை இருந்ததில்லை. திங்கட்கிழமை காலையில் டீச்சரின் வாசலில் நின்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சரே, போயிட்டு வாறேன்" என்றேன். அதிகமாகிவிட்டது. எதிர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன்.

"கேட்டுது" என்றது உள்ளேயிருந்து குரல். "ஒருக்க சொன்னா போரும்."