கோப்பி மேசை எந்த மூலையில்?

அன்றைக்கு மண்டபத்தில் பியூஸ் போனதற்கு நான்தான் காரணம். போன பியூஸை உடனே போடாமல் நின்றதற்கும் நான்தான் காரணம். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இனி யாரும் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தர முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவாப் பக்கம் ஒரு சமூக மண்டபத்தில் பத்தொன்பது வருடம் வக்த்மேஸ்தராக இருந்தேன். கட்டடத்தின் சாவியும் கழிவறை அடைப்பும் ஒரே ஆளின் பொறுப்பில் இருந்தால் அந்த ஆளுக்கு நோர்வேயில் அப்படிப் பெயர். பிறந்தநாள், சாமத்தியவீடு, யோகா வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் கதிரை போட்டிருக்கிறேன். அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யவும் ஒருமுறை கதிரை போட்டேன். உண்மையில் அன்று கதிரையை எடுக்கத்தான் சொன்னார்கள்.

1. கதிரை இல்லாத கூட்டம்

மண்டபத்தைப் பதிவு செய்தவர் சுந்தர். தமிழ்நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி, ஒஸ்லோவில் ஒரு அமெரிக்க கொம்பனியில் இஞ்சினியராக இருந்தவர். செவ்வாய்க்கிழமைகளில் மனைவியோடு எங்கள் மண்டபத்தில் பட்மின்ரன் விளையாட வருவார். என்னை "சார்" என்பார். "அண்ணை எண்டு சொல்லுங்கோ" என்று பலமுறை சொல்லியும் பார்த்தேன். "சரிங்க சார்" என்றார்.

"எங்க கட்சிக்காரங்க இங்க ஒரு நாப்பது பேர் இருக்கோம் சார். ஹால்ல சேர் வேண்டாம், எல்லாரும் நிக்கணும். யாருக்கு சப்போர்ட்டோ அவங்க கார்னர்ல போய் நிக்கணும். தலையை எண்ணுவாங்க. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக்கு எங்க ஊர் பிரதிநிதி. காகஸ்னு சொல்வாங்க."

"சீட்டு எழுதிப் போடுறதில்லையோ?"

"இல்ல சார். ஓப்பனா நிக்கணும். அதான் அழகு."

எனக்கு அதில் அழகு ஒன்றும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசிகசாலைக்குத் தலைவரைத் தெரிவு செய்ததும் இப்படித்தான். கை உயர்த்தச் சொல்வார்கள், என் பெரியப்பா திரும்பிப் பார்ப்பார், எல்லாக் கையும் உயரும்.

பெப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. தலைமை தாங்க வந்தவர் லிண்டா என்ற ஓய்வு பெற்ற ஆசிரியை. வந்தவுடன் எல்லாருடைய போனையும் ஒரு கூடையில் போட வைத்தார். யார் எங்கே நின்றார் என்று படம் எடுக்கக் கூடாதாம். கண்ணால் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வேட்பாளர்களின் பெயர் இங்கே வேண்டாம். கோப்பி மூலை, கதவு மூலை, யன்னல் மூலை என்றே சொல்கிறேன். கோப்பி மூலைக்கு அந்தப் பெயர் வந்தது என்னால். கோப்பிப் பாத்திரத்துக்கு நல்ல பிளக் அங்கேதான் இருந்தது. வழக்கம்போல மேசையை அங்கே வைத்தேன். முடிவெடுக்காமல் நின்ற ஏழெட்டுப் பேர் கோப்பி எடுக்கப் போய் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

2. மீனாவின் இடம்

கோப்பி மூலையில் நடுநாயகமாக நின்றவர் கிரெக். சுந்தரின் பொஸ். அவரைச் சுற்றி அவருடைய கொம்பனி ஆட்கள் ஒன்பது பேர். அதில் சுந்தரும் ஒருவர். சுந்தரின் மனைவி மீனா மட்டும் நடுவில் தனியே நின்றார்.

சுந்தர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "மார்ச்ல என் கான்ட்ராக்ட் ரின்யூவல் சார். வேலை போனா நோர்வே விசாவும் போயிடும். இவ எதிர் கார்னருக்குப் போறேங்கிறா. பாஸ் பாத்துட்டு இருக்காரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

"நான் வக்த்மேஸ்தர், தம்பி. கதிரையைத் தள்ளச் சொன்னா தள்ளுவன். உங்கட மனுசியைத் தள்ளச் சொல்லாதேங்கோ."

மீனாவுக்கு அது கேட்டுவிட்டது. "நானும்தான் கை தூக்கி சத்தியம் பண்ணி சிட்டிசன் ஆனேன். இவரோட டிபெண்டன்ட்டா ஓட்டுப் போட வரல" என்றார். சொல்லிவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்தார். பாவம், அந்த மனுசன் வியர்த்துப்போய் நின்றார். மீனா யன்னல் மூலைக்குப் போனார். அங்கே வெல்ல வாய்ப்பே இல்லாத ஒரு வேட்பாளருக்காக நான்கு பேர் நின்றார்கள். அங்கே நின்றால் கணவருக்கும் கேடில்லை, மனச்சாட்சிக்கும் பெரிய கேடில்லை.

முதல் எண்ணிக்கைக்கு முன்பே ஒரு தாதி புறப்படச் சப்பாத்தைப் போட்டார். அவருக்குப் பின்னேர டியூட்டி. "என்ர வோட்டை எழுதித் தந்திட்டுப் போகலாமோ?" என்று கேட்டார். "ஆள் நிக்கோணும்" என்றார் லிண்டா. தாதி போய்விட்டார். கதவு மூலையில் ஒன்று குறைந்தது.

கோப்பி மூலை இருபது. கதவு மூலை பதினாறு. யன்னல் மூலை ஐந்து.

"நூற்றுக்குப் பதினைந்து இல்லாத மூலை கலைய வேணும்" என்று லிண்டா விதியை வாசித்தார். "யன்னல் மூலையில் நிற்பவர்கள் மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். மற்றவர்களும் விரும்பினால் மாறலாம். பத்து நிமிடம்."

மீனா ஒளிந்திருந்த இடம் போய்விட்டது. இனி நாற்பது பேர் பார்க்க மண்டபத்தைக் கடந்து நடக்க வேண்டும்.

3. நியாயம் கூடியதால் வந்த இருட்டு

அப்போதுதான் கதவு மூலைக்காரர்கள் கோப்பியைப் பற்றிச் சண்டைக்கு வந்தார்கள். கோப்பி ஒரு பக்கத்தில் இருப்பது பிரசாரமாம். அதோடு கதவடியில் குளிர், கோப்பி மூலையில் சூடு, அதுவும் அநியாயமாம். லிண்டா என்னைப் பார்த்தார். நான் கதவடிக்கு ஒரு ஹீற்றரைக் கொண்டுவந்து கொளுவினேன். பிறகு கோப்பி மேசையை நடுவுக்கு இழுத்து, நீள வயர் போட்டு, அதே பிளக்கில் கோப்பிப் பாத்திரத்தையும் கொளுவினேன். பத்தொன்பது வருட அனுபவக்காரன் செய்கிற வேலையா இது? மண்டபத்து லைற்றும் அதே லைனில்தான் இருந்தது. எல்லாருக்கும் நியாயம் செய்யப் போனேன், பியூஸ் தாங்கவில்லை.

வெளியேயும் பொழுது பட்டிருந்தது, உள்ளே முழு இருட்டு. வெளிக்கதவுக்கு மேலே இருந்த பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் யாருடைய முகமும் தெரியாது. போன்கள் எல்லாம் கூடைக்குள்.

நான் தடவித் தடவி நடைபாதையில் இருந்த பியூஸ் பெட்டிக்குப் போனேன். விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும், ஒரு செக்கன் வேலை. விரலை வைத்துவிட்டேன். பின்னால் மீனாவின் குரல் கேட்டது.

"அண்ணா, ரெண்டே நிமிஷம். லைட் போடாதீங்க."

முதல்முறையாக அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறார். நான் விரலை எடுத்துவிட்டேன்.

"என்ன நடக்குது?" என்று உள்ளேயிருந்து லிண்டா கத்தினார்.

"பழைய கட்டடம். கொஞ்சம் பொறுங்கோ" என்று பொய் சொன்னேன்.

மண்டபத்துக்குள்ளே சத்தம் கேட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது என் சட்டம். ஆகவே எல்லாரும் காலுறையோடு நின்றார்கள். காலுறைகள் நிலத்தில் வழுக்கிப் போகும் சத்தம். ஒருவர் இருவர் என்றால் சரி. இது ஒரு கூட்டமே நடக்கிற சத்தம்.

இரண்டு நிமிடம் கழித்து சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

கோப்பி மூலையில் கிரெக்கும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள். மிச்சப் பேர் முழுக்கக் கதவு மூலையில். கிரெக்கின் கொம்பனி ஆட்கள் ஒன்பது பேரும் அங்கே. மீனா அங்கே. அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்டியபடி, சுந்தர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கலியாண வீட்டில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிரெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். அவ்வளவுதான்.

முதலில் நகர்ந்தவர் ஒரு மீசைக்காரர். "கோப்பி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடுமேசைக்கு வந்தார். கோப்பியை ஊற்றினார். பிறகு கதவு மூலைக்குப் போகாமல் மற்றப் பக்கம் நடந்தார். அடுத்தவருக்கும் கோப்பித் தாகம் வந்தது. வரிசையாக வந்தார்கள். நான் பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியாக வந்தவர் சுந்தர். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்களுக்குக் கோப்பி வயித்துக்குச் சரிவராது எண்டு சொன்னனீங்கள்" என்றேன்.

"குடுங்க சார்" என்றார்.

லிண்டா எண்ணினார். கோப்பி மூலை இருபத்தொன்று. கதவு மூலை இருபது. யன்னல் மூலைக்காரர்களில் மீனாவோடு நால்வர் கதவு மூலையில் நின்றார்கள். மீனா அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. கிரெக்கை நேராகப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சுந்தர் ஒருவர் அங்கேயே நின்றிருந்தால் பிரதிநிதி மறுபக்கம். எனக்குத் தெரிந்த கணக்கு மீனாவுக்குத் தெரியாமல் இருக்குமா? பதினொரு நாள் அவர் கணவரோடு கதைக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைகளில் சுந்தர் தனியாக வந்து சுவரோடு பட்மின்ரன் விளையாடினார்.

மார்ச் மாதம் கொன்ராக்ற் நீடிக்கப்பட்டது. கிரெக் அதற்குப் பிறகு மீனாவை ஒரு விருந்தில் கண்டு, "அன்றைக்கு அந்த மண்டபத்தில் கோப்பி படு மோசம்" என்று மட்டும் சொன்னாராம். யார் எங்கே நின்றார் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. கண்ணாடியில் நீராவி படிந்திருந்ததாம். இதைச் சொல்லும்போது சுந்தர் சிரிக்கவில்லை. "நான் நின்னிருக்கலாம் சார்" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. லைற்றை இன்னும் பத்து நிமிடம் போடாமல் விட்டிருந்தாலும் எண்ணுவதற்கு எப்படியும் போடத்தானே வேண்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

4. வாடகைப் பட்டியலில் ஒரு வரி

அதற்குப் பிறகு மண்டப வாடகைப் பட்டியலில் நானாக ஒரு வரி சேர்த்தேன். கதிரை, மேசை, கோப்பிப் பாத்திரம் ஆகியவற்றுக்குக் கீழே: பூட்டுள்ள வாக்குப்பெட்டி ஒன்று, திரைச்சீலை போட்ட மறைப்பு ஒன்று, இலவசம். பெட்டியை நானே பலகையில் அடித்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், எந்தக் கூட்டத்துக்கும் கோப்பி மேசையை நடுவில் வையுங்கள், ஹீற்றரை வேறு லைனில் கொளுவுங்கள், பெட்டியைக் கேட்காவிட்டாலும் எடுத்து வெளியே வையுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் எங்கட ஆட்களின் சங்கம் ஒன்று நிர்வாகத் தெரிவுக்கு வந்தது. தலைவர் பெட்டியைக் கண்டுவிட்டுச் சிரித்தார்.

"இது என்னத்துக்கு அண்ணை? கை உயர்த்தினாக் காணும். நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம் தானே."

"ஓம் தம்பி. அதுக்குத்தான் பெட்டி" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மண்டபத்தில் அவருடைய மச்சான்மார் இருவரும் மாமனாரும் நின்றார்கள். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தத் திரைச்சீலை நல்ல தடிப்போ?"