அமெரிக்க நகரங்களின் களவுக் கணக்கு

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதற் பத்தாண்டின் நடுவில், அமெரிக்க எல்லைக்கு வடக்கே, பிரெஞ்சு பேசும் மாகாணத்துப் புவாண்ட்-கிளேரில், வீடுகளுக்குக் களவு எச்சரிக்கை மணி பூட்டும் கம்பனியொன்றின் அலுவலகத்தில் நான் வேலை செய்தேன். கம்பனி மணி விற்றது பெரும்பாலும் அமெரிக்காவில். அங்கே ஒவ்வொரு நகரத்துப் பொலிசும், தங்கள் இடத்தில் வருடத்துக்கு எத்தனை வீடு உடைத்துக் களவு நடந்தது என்று ஒரு எண்ணிக்கையை வெளியிடும். அதை எடுத்து, அந்த நகரத்துச் சனத்தொகையால் பிரித்து, பக்கத்து நகரங்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதுதான் என் வேலை. விற்பனைக்காரர்கள் அந்த வரிசையைக் கொண்டுபோய் வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவார்கள். பயந்தவர்கள் மணி வாங்குவார்கள்.

பயமுறுத்துகிற வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது ஊர் சுற்றுவதுபோல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையும் அதற்கப்பால் ரயில் பாதையும் பனிக்குள் மங்கிக் கிடக்கும். மேசைக்குக் கீழே வெப்பமூட்டி மெல்ல முனகிக்கொண்டிருக்கும். ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு பாதங்களை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு, மெம்பிஸ், தல்சா, எல் பாஸோ என்று ஒவ்வொரு பெயராகத் தட்டுவேன். அவற்றில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கோடை மாதங்களில் களவு கூடும், வெக்கைக்குச் சனங்கள் ஜன்னல்களைத் திறந்து விடுவதால் என்று எங்கோ வாசித்திருந்தேன். அதனால் என் மனதில் அந்த நகரங்கள் எல்லாவற்றிலும் எப்போதும் கோடைகாலம். யாரோ ஒரு பெண் கொடியில் துணியைக் காயப்போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிறாள். சமையலறை ஜன்னலில் திரை ஒன்று மூச்சு விடுவதுபோல் உள்ளும் புறமும் அசைகிறது. தெருவில் ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் என் கற்பனை நின்றுவிடும். கள்ளனை நான் ஒருநாளும் உள்ளே வர விட்டதில்லை.

அந்த எண்ணிக்கைகளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். நகரங்களை இப்படி நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று அது சொல்லும். ஒரு நகரம் தன் புறநகர்களையும் சேர்த்துக் கணக்குக் காட்டும், இன்னொன்று நடு நகரத்தை மட்டும் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொலிசிடம் சொல்லப்பட்ட களவுதான் கணக்கில் வரும். சொல்லாத களவுக்கு இலக்கம் இல்லை. நான் அந்தக் குறிப்பையும் வரிசையின் கீழே தட்டி வைத்தேன். மேலாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதை யார் வாசிக்கப் போகிறார்கள்? எடுத்துவிடுங்கள்" என்றார். எடுத்துவிட்டேன்.

அப்போது நாங்கள் லாசாலில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். நான், கணவர், ஐந்து வயது மகள். கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவர். அவருடைய அண்ணர் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தார். சனிக்கிழமைகளில் அவர் எடுக்கும் தொலைபேசி எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: அங்கே வரைபடம் போடுகிற ஆட்கள் தேவை, கம்பனியே விசா எடுத்துத் தரும், எப்போது வருகிறீர்கள்?

ஒருநாள் தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவர் கேட்டார். "இஞ்சரும், அண்ணை இருக்கிற இடம் உம்மட வரிசையில எங்க நிக்குது?"

"ஆகக் கடைசியில."

"கடைசி எண்டா நல்லதோ கூடாதோ?"

"இந்த வரிசையில கடைசிதான் நல்லது."

"நான் படிச்ச பள்ளிக்கூடத்திலயும் இப்பிடி ஒரு வரிசை இருந்திருக்கலாம்" என்று அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சின்ன நகரமும் என் கனவுகளுக்குள் வந்து சேர்ந்துகொண்டது. அதற்கு மட்டும் நான் ஒரு ஆற்றையும் இரு கரையிலும் மரங்களையும் கொடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் களவு போனது ஒரு குருத்தோலை ஞாயிறன்று. பனி உருகிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதம். பூசை முடிந்து, கோவில் மண்டபத்தில் ஊர்ச் சனத்தோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மத்தியானம்தான் திரும்பினோம். மகள் கையில் குருத்தோலையை வாள்போலப் பிடித்துக்கொண்டு முதலில் படியேறினாள். கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்து உள்ளே போனதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. பின்படிகள் ஏறிவரும் பல்கனிக் கதவின் பூட்டு பிடுங்கப்பட்டு, கதவு அகலத் திறந்து கிடந்தது. கம்பளத்தில் சேற்றுப் பாதங்கள் வந்த வழியும் போன வழியும் தெளிவாகத் தெரிந்தன. மெத்தையைப் புரட்டியிருந்தார்கள். அலுமாரிக்குள் இருந்த என் காப்புகள், மகளின் ஞானஸ்நானச் சங்கிலி, வீடியோ கமரா எல்லாம் போய்விட்டன. அவற்றைக் கொண்டுபோக எங்கள் பயணப்பையையே எடுத்திருந்தார்கள்.

மகள் என் சட்டையைப் பிடித்து, "அம்மா, ஆர் வந்தவை?" என்று கேட்டாள். விருந்தாளி யாரோ நாங்கள் இல்லாத நேரம் வந்து போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

கீழ்வீட்டில் இருந்த மட்டக்களப்பு அக்கா சத்தம் கேட்டு மேலே ஓடி வந்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ புள்ள, எனக்குச் சத்தம் கேட்டதே. நீங்கதான் கட்டில இழுத்துப் போடுறீங்க எண்டு நினைச்சன்" என்றார். அவரே போய், சேற்றைக் கூட்டித் துப்புரவாக்க ஒரு தும்புத்தடியோடு திரும்பி வந்தார். நான் தடுத்தேன். பொலிஸ் பார்க்கும்வரை ஒன்றையும் தொடக்கூடாது என்றேன்.

"பொலிஸ் வேண்டாம்" என்றார் கணவர்.

அவர் குசினிச் சுவரோடு சாய்ந்து நின்றார். இன்னும் மேற்சட்டையைக் கழற்றவில்லை.

"ஏனப்பா?"

"வந்து என்ன செய்யப் போறாங்கள்? பேர் என்ன, எங்கயிருந்து வந்தனீங்கள், எப்ப வந்தனீங்கள்... போனது போகட்டும்."

அது வெறும் அலுப்பில் சொன்ன பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்தபோது அவருடைய சைக்கிள் களவு போயிருக்கிறது. முறைப்பாடு கொடுக்கப் பொலிசுக்குப் போனவரைத் திருப்பி அனுப்பாமல் உள்ளே வைத்துவிட்டார்கள். அண்ணர் ஆட்களைப் பிடித்து வெளியே எடுக்கும்வரை அவர் எங்கே என்றே வீட்டுக்குத் தெரியாது. சைக்கிளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். கலியாணம் முடித்த புதிதில் இதை என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

எல்லாம் தெரிந்தும் நான் விடவில்லை. ஏன் அப்படி விடாப்பிடியாக நின்றேன் என்று இன்றைக்கு யோசித்தால், அந்த அலுவலக மேசைதான் ஞாபகம் வருகிறது. "நாங்கள் சொல்லாட்டி இது நடக்கேல்லை எண்டு ஆகிடும்" என்றேன்.

"நடக்கேல்லை எண்டே இருக்கட்டும்."

"கள்ளன் வந்து போன வீடு இது. எங்கட வீடும் கணக்கில வரவேணும்."

நான் தொலைபேசியை எடுத்தேன்.

வந்தவர்கள் இருவர். ஒரு இளைஞனும், அவனைவிட மூத்த ஒரு பெண்ணும். அந்தப் பெண்தான் கேள்வி கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நான் பதில் சொன்னேன். கணவர் அதே சுவரோடு, இரண்டு கைகளும் வெளியே தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "மிஸ்யூ, நீங்கள் உட்காருங்களேன்" என்றாள் அவள். அவர் அசையவில்லை. உட்காரக் கதிரையும் இல்லை, கள்ளன் இழுத்து விழுத்தியிருந்தான். அவள் எழுதுவதை நிறுத்தி, பேனையைக் காதில் செருகிவிட்டு, விழுந்து கிடந்த கதிரை ஒன்றைத் தூக்கி நிமிர்த்தி, கையுறையால் ஒருமுறை தட்டி அவருக்கு முன்னால் வைத்தாள்.

அவர் உட்கார்ந்தார். பிறகு தானாகவே கதைக்கத் தொடங்கினார். கமரா பரவாயில்லை, அதற்குள் இருந்த நாடாவில் மகள் முதல் முதல் நடந்தது இருக்கிறது என்றார். பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. மேசையிலிருந்து ஜன்னல்வரை நடந்தாள், ஜன்னலைத் தொட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் என்றெல்லாம் சொன்னார். அவள் அவசரப்படுத்தாமல் கேட்டாள். போகும்போது, பொருட்கள் திரும்பக் கிடைப்பது கடினம் என்று உண்மையைச் சொன்னாள். கிடைக்கவும் இல்லை.

அன்று பின்னேரம் அக்கா கொண்டுவந்து தந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் திடீரென்று சொன்னார். "அந்தச் சைக்கிளையும் சேத்துச் சொல்லியிருக்கலாம் போல." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பூட்டு மாற்றினோம், கம்பளத்தைக் கழுவினோம். ஆனால் அலுவலகத்தில் என் பழைய கோடைகாலம் கலைந்துவிட்டது. நகரத்தின் பெயரைத் தட்டினால் திரை அசையும், பிறகு சேற்றுப் பாதம் ஒன்று உள்ளே வரும். பாதத்துக்கு மேலே முகம் இருக்காது. வேலையின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, அண்ணர் இருக்கும் ஊரின் ஆற்றங்கரையை வலிந்து நினைப்பேன். கணவருக்கும் அங்கே போகும் எண்ணம் வலுத்திருக்க வேண்டும். "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்றார்.

ஜூலையில் காரில் புறப்பட்டோம். எல்லை தாண்டியதும் வழியெல்லாம் சோளத்தோட்டங்கள், வெள்ளை வீடுகள், வெயிலில் மிதக்கும் நீல மலைகள். மகள் பின்சீற்றில் உறங்கிவிட்டாள். நானும் பாதி உறக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது, தெருவின் இருபக்கமும் புல்தரைகளுக்கு மேல் நீர் தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. உண்மையாகவே ஒரு ஆறும் இருந்தது. என்னிடம் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. நான் இட்டுக்கட்டிய ஊருக்குள் காரில் வந்து இறங்கியதுபோல் எனக்கு இருந்தது.

இரண்டு நாள் அந்தத் தெருவில் நடந்தோம். பூக்கள், தபால் பெட்டிகள், வாசலில் குழந்தைகளின் சைக்கிள்கள். சைக்கிள்கள் இருந்தன, குழந்தைகளைக் காணவில்லை. தூரத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டிருக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். மகள், "இங்க எல்லாரும் நித்திரையா?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

இரண்டாம் நாள் பின்னேரம், பின்வளவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணர் என்னைப் பார்த்து, "மச்சாள், உங்கட கம்பனி மணி ஒண்டு எனக்கும் பூட்டலாமோ?" என்று கேட்டார்.

"இஞ்ச ஏன்? இது வரிசையில ஆகக் கடைசி" என்றேன்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி கோப்பைகளைப் பார்த்தார். "கராஜ் ரெண்டுதரம் உடைச்சிட்டாங்கள்" என்றார் அண்ணர். "முன்வீட்டிலயும் நடந்தது. அந்த முக்கு வீட்டிலயும்."

"பொலிசுக்குச் சொன்னனீங்களோ?"

"இஞ்ச ஒருத்தரும் சொல்லுறேல்லை. தெருவில எத்தினை வீடு விக்கக் கிடக்குது பாத்தனீங்களே? வாசலில பொலிஸ் கார் வந்து நிண்டா ஆர் வாங்க வருவினம்?"

நான் என் கையால் அந்த ஊரைக் கடைசி வரியில் வைத்தவள். அந்த வரியின் கீழே எடுத்துவிட்ட சின்ன எழுத்துகள் எல்லாம் புல்தரையில் பரவிக் கிடப்பதுபோல் இருந்தது.

பேசியது கணவர்தான். "அண்ணை, நீங்கள் சொல்லவேணும்" என்றார்.

அண்ணர் ஆச்சரியத்தோடு தம்பியைப் பார்த்தார். அன்றைக்குத் தம்பியை வெளியே எடுக்க அலைந்தவர் அவர்தானே. "நீயோ சொல்லுறாய்?" என்றார்.

"ஓம், நான்தான் சொல்லுறன். எங்கட வீட்டுக்கு வந்த பொலிஸ்காரி விழுந்து கிடந்த கதிரையை நிமித்தி வைச்சவ."

அண்ணர் அதன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆனால் இருட்டும்வரை தம்பிக்குப் பக்கத்திலேயே இருந்தார். சின்ன வயதில் கடலில் நீந்தப் போன கதைகளைச் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தநாள் திரும்பும் வழியில் சம்பிளேன் ஏரிக்கரையில் காரை நிறுத்தினோம். தண்ணீரில் வெயில் கூசியது. மகள் கணுக்காலளவு நீரில் நின்று கூவினாள். கணவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு அவளோடு இறங்கினார்.

"என்ன முடிவெடுத்தனீங்கள்?" என்று கரையில் இருந்தபடி கேட்டேன்.

"வேலை நல்ல வேலைதான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அங்க சத்தம் கேட்டு எங்களுக்கு மேல ஓடி வர ஆர் இருக்கினம்?" என்றார்.

அண்ணருக்கு அந்தப் பதில் கவலையைத் தந்திருக்கும். ஆனால் அதற்காக அவர் சனிக்கிழமை எடுப்பதை நிறுத்தவில்லை. நாங்கள் இன்னும் சில வருடம் லாசாலிலேயே இருந்து, பிறகு ரொக்ஸ்பரோவில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். அந்தக் கம்பனி வேறு மாகாணத்துக்குப் போனபோது நான் அவர்களோடு போகவில்லை.

அன்று ஏரிக்கரையில் நான் புல்லில் சாய்ந்தேன். தகப்பன் இரண்டு கைகளையும் தண்ணீருக்குக் கீழே விரித்துப் பிடிக்க, மகள் அவற்றின்மேல் மல்லாந்து கிடந்து மிதக்கப் பழகிக்கொண்டிருந்தாள். "விடாதேங்கோ, விடாதேங்கோ" என்ற அவளுடைய குரல் கிட்டவும் தூரவுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கரையோரம் ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்தபடியே நான் உறங்கிப்போனேன்.